வாடாத பூ, வாடும் விலை



போன மாதம் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் குழுக் கூட்டத்துக்காகப் போயிருந்தேன். பதினைந்து பேர் உள்ள குழு. பாதிப் பேர் வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. மற்றவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பூ கட்டி விற்கிறவர்கள். சந்தா, சேமிப்பு எல்லாம் வசூல் ஆகித் தீர்மான நோட்டை எடுத்ததும் ஊக்குநர் எழுந்து ஒரு விஷயம் சொன்னார்.

"மேடம், ஊருக்கு ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. வாடாமல்லி நாத்து அவரே தராராம். நாம நட்டு, பூ பறிச்சு, காய வெச்சுக் கொடுத்தா போதுமாம். வெளிநாட்டுக்கு அனுப்புவாராம். மல்லி மாதிரி சாயங்காலத்துக்குள்ள விக்கணும்னு அவசரம் இல்ல, பூவே வாடாதே, அப்புறம் நஷ்டம் எங்கேருந்து வரும்னு கேக்கறாரு. பேங்க் லோனுக்கு எழுதிடலாமா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. பூ வாடாது என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்து அவர் சொன்னது உண்மையா? அன்றைக்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த கூட்டம் வரைக்கும் எதுவும் எழுத வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறேன். எல்லாக் குழுவிலும் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

வாடாத பூ என்றால் என்ன?

மல்லி, முல்லை, ரோஜா இவற்றின் இதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிசாக, குளுமையாக இருக்கும். அந்த இதழில் பெரும்பங்கு தண்ணீர்தான். செடியிலிருந்து பறித்ததும் தண்ணீர் வரத்து நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரும் காற்றில் போய்விடுகிறது. இதழ் துவண்டு, சுருங்கி, நிறம் மாறிவிடுகிறது. இதைத்தான் வாடுவது என்கிறோம்.

வாடாமல்லியைத் தொட்டால் அந்தக் குளுமை இருக்காது. செடியில் இருக்கும்போதே காகிதம் மாதிரி சரசரவென்று இருக்கும். காரணம், நாம் கலராகப் பார்ப்பது இதழே இல்லை. அதற்குப் பூவடிச் செதில் என்று பெயர். அதாவது, பூவுக்கு அடியில் காவலாக வரும் சின்ன இலை. அந்தச் செதில் முற்றும்போதே அதிலுள்ள ஈரம் பெரும்பாலும் போய்விடுகிறது. வெங்காயத்தின் மேல்தோலை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஏற்கனவே காய்ந்தது, அதனால் இனி வாடுவதற்கு ஒன்றுமில்லை. வாடாமல்லியும் அப்படித்தான்.

அப்படியானால் நிஜப் பூ எங்கே? ஒரு வாடாமல்லி உருண்டையைப் பிய்த்துப் பாருங்கள். செதில்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குழல் மாதிரி வெளிர் நிறத்தில் தலை நீட்டும். அவைதான் பூக்கள். ஒரு உருண்டைக்குள் ஏராளமான பூக்கள் இருக்கின்றன. நம் வேலியில் படரும் காகிதப்பூவிலும் இதே கதைதான். சிவப்பாக, ஊதாவாகத் தெரிவது செதில். நடுவில் சின்னதாக வெள்ளையாக இருப்பதுதான் பூ.

எல்லாம் கீரைக் குடும்பம்

வாடாமல்லிக்கு விஞ்ஞானப் பெயர் கோம்ஃப்ரீனா குளோபோசா. குளோபோசா என்றால் உருண்டையானது என்று பொருள். இது நம் நாட்டுச் செடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, மத்திய அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த செடி. ஒன்றரை அடி, இரண்டு அடி உயரம் வளரும். தண்டில் மென்மையான ரோமம் இருக்கும். இலைகள் எதிர் எதிராக ஜோடியாக வரும். உருண்டைக்குக் கீழே இரண்டு பச்சை இலை தாங்கிப் பிடித்த மாதிரி இருக்கும். ஊதா கலந்த சிவப்பு, வெள்ளை, ரோஸ் நிறங்களில் பூக்கும். வெயிலும் வறட்சியும் தாங்கும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

இந்தச் செடி சேர்ந்த குடும்பத்துக்கு அமராந்தேசி என்று பெயர். கிரேக்க மொழியில் அமராந்தோஸ் என்றால் 'வாடாதது'. நாம் தினமும் கடையும் முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் இதே குடும்பம்தான். இதில் நமக்குத் தெரிந்த வேறு மூன்று வாடாத பூக்களும் உண்டு.

கோழிக்கொண்டை: வெல்வெட் துணி மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது பூத்தண்டே அகன்று விரிந்தது. அதன் கீழ்ப் பக்கத்தில்தான் சின்னச் சின்னப் பூக்கள் இருக்கும். உதிர்த்தால் கறுப்பாகப் பளபளக்கும் விதை கொட்டும், கீரை விதை மாதிரியே.

பண்ணைக்கீரை: மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கும்போது, வெள்ளையும் ரோஸும் கலந்து கதிர் மாதிரி நிற்குமே, அதுதான். கோழிக்கொண்டைக்கு இது சொந்தம். இளசாக இருக்கும்போது பறித்துச் சமைப்போம், முற்றினால் பிடுங்கி வரப்பில் போடுவோம். அந்தக் கதிரும் காய்ந்தால் அப்படியே நிற்கும்.

சிறுபீளை: பூளைப்பூ, பொங்கல் பூ என்றும் சொல்வார்கள். பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தண்டு முழுக்கப் பூத்திருக்கும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் பூளையின் பெயரும் இருக்கிறது. வாடாமல்லி கப்பலில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் மண்ணில் ஒரு வாடாத பூ இருந்திருக்கிறது. அதைத்தான் நாம் களை என்று மிதித்துக்கொண்டு போகிறோம்.

மலையில் விற்கும் பூ

ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் கடையில் கொத்துக் கொத்தாகக் காய்ந்த பூ வாங்கி வந்திருப்பீர்கள். 'எவர்லாஸ்டிங்' என்று சொல்லி விற்பார்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மினுமினுக்கும் பூ ஹெலிகிரைசம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இது கீரைக் குடும்பம் இல்லை, சாமந்தி, சூரியகாந்தியின் குடும்பம். இதிலும் பளபளப்பது செதில்தான். காய்ந்த ஹெலிகிரைசத்தை ஈரத்தில் வைத்தால் மூடிக்கொள்ளும், காய்ந்தால் திரும்ப விரியும். உயிர் இருப்பதால் இல்லை. செதில் ஈரத்தை உறிஞ்சி வளைவதால்தான். இந்தச் செடிக்குக் குளிர்ச்சியான இடம் ஏற்றது. நம் ஆரணி வெயிலுக்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும்தான் சரிப்படும்.

காலம் காலமாக எதற்குப் பயன்படுகிறது?

மாலைக்கும் கதம்பத்துக்கும் வாடாமல்லி சேர்ப்பதை நாம் எல்லோரும் அறிவோம். வாசனை கிடையாது. ஆனால் நிறமும் உருவமும் நாள் கணக்கில் நிற்கும்.

நேபாளத்தில் தீபாவளியை ஒட்டித் திகார் என்ற பண்டிகை வருகிறது. அதன் கடைசி நாளில் அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்குப் பொட்டு வைத்து, வாடாமல்லி மாலை போடுகிறார்கள். அங்கே இதன் பெயர் மக்மலி, அதாவது வெல்வெட் பூ. இந்தப் பூ வாடாமல் இருப்பது போலக் கூடப்பிறந்தவன் ஆயுளும் நீடிக்க வேண்டும் என்று அர்த்தம். கேரளாவில் ஓணத்துக்கு வாசலில் போடும் பூக்கோலத்தில் வாடாமல்லி சேரும். அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து லாரி லாரியாகப் பூ போகிறது. சீனாவில் இதை 'ஆயிரம் நாள் சிவப்பு' என்று அழைத்து, காய்ந்த பூவை வெந்நீரில் போட்டுக் குடிக்கிறார்கள்.

கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்களைக் கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள். சித்த வைத்தியத்தில் சிறுபீளைக் கஷாயம் சிறுநீர்க் கல்லுக்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலித்தால் கல் என்று நாமே முடிவு கட்டிக் கஷாயம் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, என்ன நோய் என்று தெரிந்துகொண்டு, சித்த மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

நம் ஊருக்கு வாடாமல்லி என்றால் முதலில் ஞாபகம் வருவது நிறம்தான். வாடாமல்லிக் கலர் உடம்பு, பச்சை பார்டர். இப்படி ஒரு புடவை தறியில் ஏறாத தெரு உண்டா? புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டில் இந்தப் பூவின் பெயரே ஒரு நிறத்தின் பெயர். "அப்போ பூவிலிருந்தே சாயம் எடுக்கலாமா மேடம்?" என்று கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள். பூவை வெந்நீரில் போட்டால் நிறம் இறங்கும். ஆனால் பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறம்தான் இதிலும். வெயிலுக்கும் சூட்டுக்கும் நிற்காது. பட்டுக்கு இந்தச் சாயத்தை நம்ப முடியாது.

காய வைக்கும் முறை

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு:

1. பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணி போலப் பறிக்க வேண்டும். ஈரத்தோடு பறித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

2. உருண்டை நன்றாக விரிந்து, கெட்டியாக இருக்கும்போது பறியுங்கள். அடியிலுள்ள செதில் உதிர ஆரம்பித்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

3. நீளமான காம்போடு வெட்டி, இலைகளை உருவிவிட்டு, பத்துப் பன்னிரண்டாகச் சின்னக் கட்டாகக் கட்டுங்கள். பெரிய கட்டானால் நடுவில் காற்றுப் போகாது.

4. தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அப்போதுதான் காம்பு வளையாமல் காயும். வெயிலில் போடவே கூடாது, நிறம் வெளுத்துவிடும். காற்றோட்டமான, இருட்டான இடம் வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆகும்.

5. காம்பை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். பிறகு அட்டைப் பெட்டியில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

நான் ஒரு வருடம் ஐப்பசி மாதத்தில் இதைச் செய்து பார்த்தேன். ஐந்தே நாளில் கட்டு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். மொத்தத்தையும் குப்பையில் போட்டேன். பூ வாடவில்லை, கெட்டுப்போனது. வாடாத பூவும் கெடும் என்பதை அந்த ஆள் உங்களிடம் சொல்லவில்லை. தறி ஓடும் வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. இருக்கும் ஒரே நிழலான இடத்தில் தறி நிற்கிறது. பூவை எங்கே தொங்கவிடுவீர்கள்?

விலை எப்படி வாடுகிறது?

இந்தியாவிலிருந்து காய்ந்த பூக்கள் வெளிநாடு போவது நிஜம். ஏற்றுமதியாகும் பூ வகைகளில் உலர்பூக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மாநிலத்தில் தூத்துக்குடி அதற்குப் பேர் போன ஊர். ஆனால் அங்கே போவதில் வாடாமல்லி ஒரு சின்னப் பகுதிதான். தாமரைக் காய், காட்டில் கிடைக்கும் நெற்று, ஓலை, புல்கதிர் என்று எத்தனையோ சேர்கின்றன. ஒரே அளவு, ஒரே நிறம், ஈரமே இல்லாத சரக்கு என்று தரம் பார்த்துத்தான் எடுப்பார்கள். கழித்துப்போட்டது யார் தலையில் விழும்? பயிர் வைத்தவர் தலையில்தான்.

பச்சைப் பூவாக விற்றாலும் ஓணம், ஆயுத பூஜை சமயத்தில் விலை ஏறும். பண்டிகை போனதும் இறங்கிவிடும். பூ செடியிலேயே நிற்கும், ஆனால் வாங்க ஆள் நிற்க மாட்டார். அதோடு, நாம் பறிப்பது பச்சை எடை, விற்கப்போவது காய்ந்த எடை. கிலோவுக்கு இவ்வளவு என்று அவர் சொன்னது எந்த எடைக்கு?

ஒரு பழைய விஷயத்தையும் இங்கே எழுதத்தான் வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், வேறு ஊரில் ஒரு குழுவிடம் ஒரு கம்பெனிக்காரர் வந்து, சோற்றுக்கற்றாழை போட்டால் நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். கன்றுக்குப் பணம் வாங்கினார். நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தேகம் இருந்தது. ஆனால் குழு ஆர்வமாக இருக்கிறதே, நாம் ஏன் தடுக்க வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. கற்றாழை நன்றாகத்தான் வளர்ந்தது. வாங்க வருகிறேன் என்றவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்தச் சகோதரிகள் கூலி வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் தவணை கட்டினார்கள். ஒரு அம்மா காதில் இருந்த கம்மலை அடகு வைத்துக் கட்டினார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதில் ஒன்று புரிந்தது. கன்று விற்ற அன்றைக்கே அவருக்கு லாபம் வந்துவிட்டது. நமக்கு லாபம் வருவது கடைசியில்தான், அதுவும் அவர் திரும்பி வந்தால்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நாற்றோ, கன்றோ, கோழிக்குஞ்சோ, எதைக் கொண்டுவந்து யார் 'நானே வாங்கிக்கொள்கிறேன்' என்றாலும் இவற்றைக் கேளுங்கள்:

- என்ன விலை, எந்த எடைக்கு, எத்தனை நாளில் பணம்? இதை முத்திரைத்தாளில் எழுதித் தருவாரா?
- தரம் இல்லை என்று கழித்தால் அந்தச் சரக்கு என்ன ஆகும்?
- வண்டிக் கூலி யாருடையது?
- இதற்கு முன்னால் எந்த ஊரில் வாங்கினார்? அந்த ஊர் குழுவோடு நாம் நேரில் பேச முடியுமா?
- அவர் வராவிட்டால் இந்தச் சரக்கை ஆரணி பூக்கடையில் விற்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால் கடன் எழுத வேண்டாம். பட்டு நெய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாவு கொடுக்கிறவர் ஒருத்தர், விலை சொல்கிறவரும் அவரே என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இதனால் வாடாமல்லியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூ கட்டி விற்கிறவர்களுக்கு நல்ல பூ இது. இன்று விற்காததை நாளைக்கு மாலையில் சேர்க்கலாம். விதைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, முற்றிய உருண்டையை உதிர்த்தால் விதைதான். நாற்று விட்டு நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் பூக்கும், பிறகு மாதக்கணக்கில் பறிக்கலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். ஒரு மணி நேரம் வாக்குவாதம். "இப்படியே பயந்துட்டு இருந்தா எப்பத்தான் முன்னுக்கு வர்றது?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. கடைசியில் தீர்மான நோட்டில் எழுதியது இதுதான்: 'பேங்க் கடன் இப்போது வேண்டாம். மழை முடிந்து தை மாதத்தில் மூன்று உறுப்பினர்கள் தங்கள் கொல்லையில் ஆளுக்கு ஒரு சென்ட் வாடாமல்லி போடுவது. முதல் பறிப்பில் ஒரு கிலோவைக் காய வைத்து எடை போட்டு, குழுவில் கணக்குச் சொல்வது. மீதியைப் பூக்கடையில் விற்றுப் பார்ப்பது. நாற்றுக்காரர் திரும்ப வந்தால் ஐந்து கேள்விகளையும் கேட்பது.' கோபப்பட்டவரும் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று பேரில் அவரும் ஒருவர்.

பங்குனியில் எடைக் கணக்கு வந்ததும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இதே மாதிரி யாராவது வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன்பு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்